வழி பார்க்காமல் அழைத்துப் போகச் சொல்லாதீர்கள்: நடைக் குழு நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

அடுத்த பருவத்து நடைகளைப் பற்றி நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையில் நான்கு முடிவுகள் இருக்கின்றன. நடைக்கு முன்பே லீடர் போய் வழி பார்த்து வரும் ரெக்கி இனிக் கட்டாயமில்லை, தரவிறக்கிய ஜிபிஎஸ் டிராக் கையில் இருந்தால் போதும். வரிசையின் கடைசியில் வரும் ஸ்வீப் வேண்டுமா வேண்டாமா என்பது லீடரின் விருப்பம். ஒரு நடைக்கு 20 பேர் என்றிருந்த வரம்பு 45 ஆகிறது. அறிவிப்பில் தூரமும் ஏற்றமும் எழுத வேண்டியதில்லை, ‘எளிது’, ‘நடுத்தரம்’, ‘கடினம்’ என்று ஒரு சொல் போடலாம்.

இந்த நான்கையும் எங்களால் ஏற்க முடியாது. காத்திருப்போர் பட்டியல் நீள்கிறது, லீடர்கள் போதவில்லை என்ற உங்கள் கவலை எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் நீங்கள் எடுத்துவிட்ட நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ரெக்கி இல்லாத நாளில்தான் ஸ்வீப் மிக அவசியமாகிறார். ஆள் கூடக்கூட இரண்டுமே கூடுதலாகத் தேவைப்படுகின்றன. நீங்களோ ஆளைக் கூட்டி, இரண்டையும் ஒரே சமயத்தில் கழற்றியிருக்கிறீர்கள்.

டிராக் என்பது யாரோ ஒருவர் என்றோ ஒரு நாள் நடந்த கோடு. அவர் தனியாகப் போனாரா, கோடையில் போனாரா, மழை விட்ட மறுநாள் போனாரா என்பதைக் கோடு சொல்லாது. உண்மையிலேயே நடந்தாரா, கணினி முன் உட்கார்ந்து வரைந்தாரா என்பதுகூடப் பார்த்தவுடன் தெரியாது. கோப்பைத் திறந்து பாருங்கள்: ஒவ்வொரு புள்ளிக்கும் நேரம் பதிவாகாமல், புள்ளிகள் தூரதூரமாக விழுந்து, வளைவுகளெல்லாம் நேர்க்கோடாக இருந்தால் அது பெரும்பாலும் வரைந்த வழி. நடந்து பதிந்த டிராக்கிலும் குறுகிய பள்ளத்தாக்கில், அடர்ந்த மரங்களுக்குக் கீழே, செங்குத்தான பாறை ஓரத்தில் சிக்னல் எதிரொலித்துக் கோடு பல மீட்டர் தள்ளி விழும். சமவெளியில் அதனால் ஒன்றும் ஆகாது. மலைச்சரிவில் அந்தச் சில மீட்டரில்தான் பாதையும் ஓடைப் பள்ளமும் பிரிகின்றன. மடித்து மடித்து ஏறும் பாதைகளில் புள்ளிகள் குறைவாகப் பதிந்தால் வளைவுகள் வெட்டப்பட்டு, தூரம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. லீடரின் ஒரே வழிகாட்டி அந்தப் போன்தான் என்றால், மதியத்துக்கு மேல் அந்த நடைக்கு வழிகாட்டியே இல்லாமல் போகலாம்.

கோட்டில் தெரியாதவை இன்னும் இருக்கின்றன. போன மாத வெள்ளத்தில் போன மரப்பாலம், புதிதாகப் போட்ட மின்வேலி, பாதையை மூடிய முள், காற்றில் விழுந்து குறுக்கே கிடக்கும் மரம், நேற்று உழுது பாதையே காணாமல் போன வயல், மரக்கிளையில் புதிதாகக் கட்டிய குளவிக்கூடு, கன்றோடு நிற்கும் மாடுகள். தனியாள் என்றால் ஐந்து நிமிடம் யோசித்துச் சுற்றிப் போவார். பின்னால் 45 பேரை நிறுத்திக்கொண்டு லீடர் அந்த ஐந்து நிமிடத்தை யோசிக்கும்போது தவறான முடிவுகள் பிறக்கின்றன. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதாலேயே அவர் “போகலாம்” என்று சொல்லிவிடுவார். ரெக்கியில் அந்த முடிவை யாரும் அவசரப்படுத்தாத நேரத்தில் எடுத்துவைக்கிறோம்.

ரெக்கி என்பது ஒரு தடவை நடந்து பார்ப்பதோடு முடிகிற வேலை இல்லை. நடைக்கு இரண்டு வாரத்துக்குள் போக வேண்டும். குழு போகப்போகும் அதே திசையில் நடக்க வேண்டும், ஏனென்றால் ஒரு பக்கத்திலிருந்து வரும்போது பளிச்சென்று தெரியும் பிரிவு, எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் புதருக்குப் பின்னால் மறைந்திருக்கும். அதே நேரத்துக்குக் கிளம்ப வேண்டும், அப்போதுதான் எந்த ஏற்றத்தில் வெயில் முகத்தில் அடிக்கும், சாப்பிட உட்காரும் இடத்தில் நிழல் இருக்குமா என்று தெரியும். ஒவ்வொரு பிரிவிலும் நேரத்தைக் குறிக்க வேண்டும். வேலியைத் தாண்ட வைத்திருக்கும் ஏறுபடிகள் எத்தனை, எது ஆடுகிறது, எந்தப் படலை (வேலிக் கதவு) கயிற்றால் கட்டியிருக்கிறது என்று எழுத வேண்டும். போன் சிக்னல் எங்கே விட்டுப்போகிறது, எங்கே திரும்ப வருகிறது, காயம்பட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் வண்டி வரக்கூடிய தடம் எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பெண்களும் ஆண்களும் ஒதுங்க மறைவான இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை எழுதக் கூச்சப்பட்டு விட்டுவிட்ட நடைகளில் பலர் தண்ணீரே குடிக்காமல் நடந்து மயக்கத்தில் உட்காருகிறார்கள்.

ஓடையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ரெக்கி அன்று கணுக்கால் நனைந்த ஓடை, மேலே மலையில் ஓரிரவு மழை பெய்தால் முழங்காலைத் தொடும். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் நீரில் குழுவை இறக்கக் கூடாது. அதற்குக் குறைவாக இருந்து கடக்க முடிவெடுத்தாலும், பையின் இடுப்பு வாரையும் நெஞ்சு வாரையும் கழற்றிவிட்டே இறங்க வேண்டும். விழுந்தால் பையை உதறிவிட வேண்டும், இல்லையென்றால் பை ஆளைக் கவிழ்த்து அமுக்கும். எனவே ரெக்கிக்குப் பிறகு கனமழை பெய்தால் ஓடையை மட்டும் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும். அதற்கும் முடியாது என்றால் ஓடையைத் தொடாத மாற்று வழி முன்பே கையில் இருக்க வேண்டும்.

மலைமுகட்டில் போகும் நடைகளுக்கு இடி மின்னல் கணக்கு உண்டு. மின்னல் கண்ணில் பட்டு 30 விநாடிக்குள் இடி கேட்டால் புயல் சுமார் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, முகட்டைவிட்டு இறங்க வேண்டும். கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே மறுபடி ஏறலாம். எங்கே இறங்குவது? மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள முகட்டில் இறங்கத் தோதான இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். வரைபடத்தின் சமஉயரக் கோடுகள் சரிவின் செங்குத்தைக் காட்டும், அங்கே ஆள் உயரத்துக்கு முள் வளர்ந்திருப்பதைக் காட்டாது. இருட்டிக்கொண்டு வரும் வானத்துக்குக் கீழே நின்று தேடுகிற விஷயம் இல்லை இது.

நேரக் கணக்கும் ரெக்கியில்தான் தேறும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன விதியை நம் லீடர்கள் எல்லோரும் அறிவார்கள்: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இன்றைய அளவில் மணிக்கு 5 கிலோமீட்டர், 100 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக 10 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். 14 கிலோமீட்டர், 500 மீட்டர் ஏற்றம் உள்ள நடை இந்தக் கணக்குப்படி 3 மணி 38 நிமிடம். செயலிகள் காட்டும் நேரமும் பெரும்பாலும் இந்த மாதிரிதான் வரும். ஆனால் அது பழகிய ஒருவர் நிற்காமல் நடக்கும் நேரம். கலவையான குழு மணிக்கு 3.5 கிலோமீட்டருக்கு மேல் போகாது. அப்படியானால் நடை மட்டும் 4 மணி நேரம், ஏற்றத்துக்கு 50 நிமிடம், சாப்பாட்டுக்கு 40, இரண்டு சிறு ஓய்வுகளுக்கு 20. மொத்தம் 5 மணி 50 நிமிடம். பத்து மணிக்குக் கிளம்பினால் மாலை 3.50. இது ஏறுபடிகளைக் கணக்கில் சேர்க்காத நேரம்.

ஏறுபடிகளைச் சேர்த்தால் 45 பேர் என்ற முடிவு என்ன செய்கிறது என்பது தெரியும். ஓர் ஏறுபடியைத் தாண்ட ஒருவருக்குச் சராசரியாக 20 விநாடி என்று வையுங்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு அது ஒரு நிமிடம். 20 பேர் தாண்ட ஏழு நிமிடத்துக்குள் முடியும், 45 பேர் தாண்டப் பதினைந்து நிமிடம். ஐந்து ஏறுபடிகள் உள்ள வழியில் சிறிய குழுவுக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், பெரிய குழுவுக்கு ஒன்றேகால் மணி நேரம். மாலை 3.50 இப்போது 5.05 ஆகிவிட்டது. குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டிவிடும் இடங்களில் கடைசி இரண்டு கிலோமீட்டரை இருட்டில் நடக்க வேண்டும். அந்த 45 பேரில் எத்தனை பேர் தலைவிளக்கு கொண்டுவருவார்கள்?

பெரிய குழுவில் இன்னொரு விஷயம் நடக்கும். முன்னால் போகிறவர்கள் ஏற்றத்தின் உச்சியில் நின்று பின்னால் வருகிறவர்களுக்காகக் காத்திருப்பார்கள். பத்து நிமிடம் நன்றாக இளைப்பாறுவார்கள். கடைசி ஆள் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், “எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்” என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு மிகவும் தேவைப்படுகிறவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. ஓய்வு நேரம் கடைசி ஆள் உட்கார்ந்த பிறகே தொடங்குகிறது என்பது நம் குழுவில் எழுதாத விதி. இருபது பேரில் அதைக் காப்பாற்ற முடியும். நாற்பத்தைந்து பேர் ஒற்றை வரிசையில் இரண்டிரண்டு மீட்டர் இடைவெளியில் போனாலே 90 மீட்டர் நீளம், ஏற்றத்தில் அது இரண்டு மூன்று மடங்காக இழுபடும். எதிர்காற்றில் லீடரின் குரல் வரிசையின் பாதியைக்கூட எட்டாது.

ஸ்வீப்புக்கு வருகிறோம். சுற்றறிக்கையில் எங்களை அதிகம் வருத்தியது இதுதான். கடைசியில் சும்மா நடந்து வருகிறவர் என்று அந்தப் பொறுப்பை எண்ணிவிட்டீர்கள் போலிருக்கிறது.

ஒரு பிரிவில் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். லீடருக்கு அடுத்து வருகிறவரை அங்கே நிறுத்துகிறோம். அவர் வருகிற ஒவ்வொருவருக்கும் சரியான பக்கத்தைக் கை காட்டுவார். லீடர் முன்னே போய்க்கொண்டே இருப்பார். ஸ்வீப் வந்து சேர்ந்ததும் நிற்கிறவர் நகர்ந்து, ஸ்வீப்புக்கு முன்னால் வரிசையில் சேர்ந்துகொள்வார். அடுத்த பிரிவில் அப்போது லீடருக்குப் பின்னால் இருக்கும் வேறொருவர் நிற்பார். வரிசை எவ்வளவு இழுபட்டாலும் யாரும் வழி தவற மாட்டார்கள். இந்த முறை முழுக்க ஒரே ஒரு முகத்தை நம்பி இருக்கிறது: நிற்கிறவருக்கு ‘இவர்தான் கடைசி’ என்று தெரிய வேண்டும். ஸ்வீப் இல்லாவிட்டால் அவர் எப்போது நகர்வது? ஐந்து நிமிடம் யாரும் வரவில்லையே என்று கிளம்பிவிடுவார். ஆறாவது நிமிடம் காலணி நாடாவைக் கட்டிவிட்டு வந்த இருவர் தவறான பக்கம் திரும்புவார்கள்.

வழியில் ஒதுங்கப் போகிறவர் தன் பையைப் பாதை ஓரத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று ஒவ்வொரு நடையிலும் சொல்கிறோம். பை கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறார், ஸ்வீப் அங்கே நிற்க வேண்டும் என்று பொருள். ஸ்வீப் இல்லாத நடையில் அந்தப் பை யாருக்காகக் காத்திருக்கும்?

ஸ்வீப் எல்லோருடைய முதுகையும் பார்த்துக்கொண்டு நடக்கிறார். லீடருக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும். ஒருவர் குதிகாலை ஊன்றாமல் பாதத்தின் வெளி விளிம்பில் நடக்க ஆரம்பித்தால் குதிகாலில் உராய்வு தொடங்கிவிட்டது. அந்த இடம் சூடாகத் தெரியும்போதே நிறுத்தி, காலுறையைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, சுருக்கமில்லாமல் டேப் ஒட்டினால் இரண்டு நிமிட வேலை. கொப்புளம் எழும்பிய பிறகு அந்த ஆள் மீதி வழியை நொண்டிக் கடப்பார், குழுவின் வேகம் அவருடைய வேகமாகிவிடும். கலகலவென்று பேசிக்கொண்டு வந்தவர் திடீரென மௌனமாகி, கையில் இருப்பதை நழுவவிட்டு, சமதரையில் தடுக்கினால், குளிரும் ஈரமும் உள்ள நாளில் அது உடல் சூடு இறங்குவதன் அறிகுறி. வெயில் நாளில் தலைவலி, குமட்டல் என்று தொடங்கிப் பேச்சில் குழப்பம் வந்தால் உடனே நிழல், குளிர்ந்த நீர், அவசர உதவி அழைப்பு. இவற்றை முன்னால் போகிறவர் திரும்பிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சிரமப்படுகிறவர்கள் தானாகவே பின்னுக்குப் போய்விடுவார்கள், லீடர் திரும்பும்போதெல்லாம் நன்றாக நடக்கிறவர்களின் முகம்தான் தெரியும்.

எனவேதான் முதலுதவிப் பை, கூடுதலாக ஒரு லிட்டர் தண்ணீர், வெப்பப் போர்வை, தலைவிளக்கு, விசில், பெயர்ப் பட்டியலின் இன்னொரு படி ஆகியவை ஸ்வீப்பிடம் இருக்கின்றன. ஆபத்து என்றால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு விசில், பிறகு ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. கேட்டவர் மூன்று விசிலில் பதில் தர வேண்டும். இந்த ஏற்பாடு வேலை செய்ய வரிசையின் இரு முனையிலும் பொறுப்பான ஆள் வேண்டும்.

ஆள் எண்ணுவதும் அப்படித்தான். “எல்லாரும் இருக்கீங்களா?” என்று கேட்டால் இல்லாதவர் பதில் சொல்ல மாட்டார். லீடர் ஒருமுறை, ஸ்வீப் ஒருமுறை தனித்தனியாக எண்ணி, இரண்டு எண்ணும் ஒத்துப்போனால்தான் கிளம்புகிறோம். 20 வரை எண்ணுவது சுலபம். நகர்ந்துகொண்டும் பேசிக்கொண்டும் இருக்கும் 45 பேரை எண்ணினால் முதல் தடவை 43 வரும், மறுதடவை 46 வரும், மூன்றாவது தடவை எண்ண யாருக்கும் பொறுமை இருக்காது.

நில உரிமையாளர்களை நீங்கள் மறந்திருக்கக் கூடாது. 1932 ஏப்ரல் 24 அன்று இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கௌட் மேட்டில் நடக்கும் உரிமை கேட்டுத் தடையை மீறி நடந்தவர்களில் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அப்படிப் போராடிக் கிடைத்த பாதைகளும் உலகில் உண்டு. ஆனால் நாம் நடக்கும் பல தடங்களில் நமக்கிருப்பது உரிமையாளரின் தலையசைப்பு மட்டுமே. பயிர் ஓரத்தில் 20 பேர் ஒற்றை வரிசையில் போனால் பாதை பாதையாக இருக்கும். சேறு வந்ததும் 45 பேர் பக்கவாட்டில் ஒதுங்கி ஒதுங்கிப் போனால் ஓரடிப் பாதை மூன்றடியாகிப் பயிருக்குள் புகுந்துவிடும். திறந்த படலையை யார் மூடுவது என்பதிலும் இதே கதை. வரும்போது எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போக வேண்டும் என்பது விதி, ஆனால் முன்னால் போனவர் பின்னால் வருபவர் மூடுவார் என்று விட்டுப்போவார். அதைச் சரிபார்க்கும் ஒரே ஆள் ஸ்வீப்.

நடை அறிவிப்பில் ஒற்றைச் சொல் போடும் முடிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யாருக்கு எளிது? எட்டு கிலோமீட்டர் சமதரையும், எட்டு கிலோமீட்டரில் 400 மீட்டர் ஏறி இறங்குவதும் ஒன்றல்ல. மூட்டுவலி உள்ளவருக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பகை. தூரம், மொத்த ஏற்றம், தரை எப்படி, ஏறுபடிகள் எத்தனை, ஓடை உண்டா, நடுவில் விலகிக்கொள்ள வழி உண்டா என்று ஆறு விவரம் இருந்தால் தன்னால் முடியுமா என்று அவரவரே முடிவெடுப்பார்கள். முடியாது என்று வீட்டிலேயே தெரிந்துகொள்வதற்கும் ஏழாவது கிலோமீட்டரில் தெரிந்துகொள்வதற்கும் வித்தியாசம் உண்டு. பிந்தியதில் அவரோடு சேர்ந்து மொத்தக் குழுவும் மாட்டிக்கொள்கிறது.

லீடர்கள் குறைவு என்பதற்கு வருவோம். ஒரு நடைக்கு இரண்டு நாள் செலவாகிறது, யாரும் முன்வருவதில்லை என்கிறீர்கள். உண்மை. ஆனால் புது லீடர்கள் எங்கே உருவாகிறார்கள்? ரெக்கியில்தான். கூட்டம் இல்லாத நாளில், வரைபடத்தை விரித்துவைத்து, “இப்போ நாம எங்க இருக்கோம், காட்டு பார்ப்போம்” என்று கேட்டுப் பழக்கும் இடம் அது ஒன்றே. ரெக்கிக்கு ஸ்வீப்பாக வருகிறவர் இரண்டு மூன்று நடைகளில் தானே லீடராக நிற்கும் தைரியம் பெறுகிறார். ரெக்கியை நிறுத்தினால் இன்று சில நாட்கள் மிச்சமாகும், சில பருவங்களில் லீடர்களே இல்லாமல் போவார்கள்.

எனவே நாங்கள் கேட்பவை இவை. ரெக்கியையும் ஸ்வீப்பையும் மறுபடி கட்டாயமாக்கி, அடுத்த பருவ அட்டவணை வெளியாகும் முன் திருத்திய சுற்றறிக்கை அனுப்புங்கள். ஒரு நடைக்கு 20 பேர் என்ற வரம்பைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கூடுதலாக ஆள் இருந்தால் அதே வழியில் ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டாவது குழு போகட்டும், அதற்குத் தனி லீடரும் தனி ஸ்வீப்பும் வேண்டும். ஒரே ரெக்கி இரண்டு குழுவுக்கும் உதவும், உங்கள் காத்திருப்போர் பட்டியலும் குறையும். ரெக்கிக்கு ஆகும் பயணச் செலவைச் சந்தா நிதியிலிருந்து கொடுங்கள். ஒவ்வொரு ரெக்கிக்கும் ஒரு பக்கக் குறிப்புத்தாள் எழுதிச் சேர்த்துவைக்கும் முறையைத் தொடங்குங்கள், அடுத்த லீடர் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. அறிவிப்பில் மேலே சொன்ன ஆறு விவரங்களும் இருக்கட்டும். இப்படிப்பட்ட முடிவுகளை இனி எடுப்பதற்கு முன், நடைகளை நடத்துகிறவர்களில் இருவரையாவது கூட்டத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

உங்கள் பதிலை இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் எதிர்பார்க்கிறோம். அதுவரை, ரெக்கி பார்க்காத நடைக்கோ, ஸ்வீப் பெயர் குறிக்காத நடைக்கோ லீடராக எங்களில் யாருடைய பெயரையும் அட்டவணையில் போட வேண்டாம்.

இப்படிக்கு,
குழுவின் நடை லீடர்களும் ஸ்வீப்புகளும்